சேம்பர் கதவ மூடுறதுக்கு முன்னாடி: ஹைப்பர்பாரிக் யூனிட்டுக்கு எந்த டிஜிட்டல் வேலை உதவும், எது உதவாது

ஒரு தம்பி கேட்டிருந்தாரு. ஆஸ்பத்திரியில பயோமெடிக்கல் இன்ஜினியரா இருக்காரு, அங்க புதுசா ரெண்டு மோனோபிளேஸ் சேம்பர் வந்து இறங்கியிருக்கு, சுகர்ல வந்த கால் புண்ணு, ரேடியேஷனுக்கு அப்புறம் ஆறாத புண்ணு இதுக்கெல்லாம் ஹைப்பர்பாரிக் ஆக்ஸிஜன், அதாவது மூடின சேம்பருக்குள்ள அழுத்தம் ஏத்தி ஆக்ஸிஜன் குடுக்கிற சிகிச்சை, ஆரம்பிக்கப் போறாங்க. "சேஃப்டிக்கு ஏதாவது டிஜிட்டலா பண்ணிடுங்க, எந்த சாஃப்ட்வேர்னு நீங்களே பார்த்து சொல்லுங்க"ன்னு மேனேஜ்மெண்ட் அவர் தலையில கட்டிட்டாங்களாம். எது வாங்கலாம் அண்ணான்னு கேக்குறாரு.

தம்பி, எத வாங்கலாம்னு ஆரம்பிச்சா வியாபாரிங்க கொண்டு போற இடத்துக்குத்தான் போய் சேருவ. சேம்பர்ல எது தப்பாப் போகும்னு ஆரம்பி. நான் பத்து வருஷத்துக்கு மேல சேம்பர் ஓட்டுறேன், இப்ப ஒரு யூனிட்டோட சேஃப்டி பொறுப்பும் என்கிட்டதான். இத்தனை வருஷத்துல எனக்குப் புரிஞ்சது ஒண்ணு, உள்ள நடக்குற விபத்துக்கு விதை எப்பவும் வெளியில, கதவு மூடுறதுக்கு முன்னாடியே விழுந்துடுது. கதவு மூடி பிரஷர் ஏத்திட்டா நம்மால பண்ண முடியுறது ரொம்பக் கம்மி. அதனால டிஜிட்டல்னு எத கொண்டு வந்தாலும் சரி, கதவு மூடுற அந்தக் கைய ஒரு நிமிஷம் புடிச்சு நிறுத்துதான்னு மட்டும் பாரு.

மோனோபிளேஸ்னா என்னன்னு உனக்குத் தெரியும், படிக்கிற மத்தவங்களுக்காக சொல்றேன். அக்ரிலிக்ல செஞ்ச பெரிய உருளை, அதுக்குள்ள ஒரே ஒரு பேஷன்ட் படுத்திருப்பாரு, உள்ள முழுக்க சுத்த ஆக்ஸிஜன நிரப்பி 2-லேர்ந்து 2.4 அட்மாஸ்பியர் வரைக்கும் அழுத்தம் ஏத்துவோம். 1967 ஜனவரி 27-ல அப்போலோ 1 தரைச் சோதனையில மூணு விண்வெளி வீரர்கள் தீயில போனாங்களே, அந்த கேபின்லயும் சுத்த ஆக்ஸிஜன்தான், அழுத்தம் நம்ம வெளிக்காத்த விட கொஞ்சம்தான் ஜாஸ்தி. நம்ம பேஷன்ட் தினமும் படுக்குற இடத்துல அதுக்கு ரெண்டு மடங்கு கிட்ட இருக்கு. அந்தச் சூழல்ல சாதாரணமா அவ்ளோ சுலபத்துல தீப்பிடிக்காத துணி, தலைமுடி, எண்ணெய் எல்லாமே கண் இமைக்கிற நேரத்துல பத்திக்கும். ஒரு சின்ன ஸ்டேட்டிக் பொறி போதும்.

ரெண்டு சம்பவம் சொல்றேன், மத்த எல்லாத்தையும் இத வச்சுதான் சொல்லப் போறேன்.

1997 அக்டோபர் 31, இத்தாலியில மிலான், கலியாட்ஸி ஆஸ்பத்திரி. அது மல்டிபிளேஸ், அதாவது பல பேர் ஒண்ணா உக்கார்ற அறை மாதிரி சேம்பர். தீப்பிடிச்சு 11 பேர் இறந்துட்டாங்க, அதுல பத்து பேர் பேஷன்ட், ஒருத்தர் கூட இருந்த நர்ஸ். ஒரு பேஷன்ட் குளிருக்கு கை சூடாக்க வச்சிருந்த சின்ன ஹேண்ட் வார்மர உள்ள கொண்டு போயிட்டாங்க, அதுதான் காரணம்னு சொல்றாங்க. தீய அணைக்க தண்ணி கொட்டுற சிஸ்டம் சேம்பர்ல இருந்துச்சு, ஆனா அதோட டேங்க்ல தண்ணி இல்ல.

ரெண்டாவது 2025 ஜனவரி 31, அமெரிக்காவுல மிச்சிகன் மாநிலம் ட்ராய். மோனோபிளேஸ் சேம்பர்ல அஞ்சு வயசுப் பையன். தீப்பிடிச்சு உள்ளேயே இறந்துட்டான், காப்பாத்தப் போன அம்மாவுக்கு கையெல்லாம் காயம். மார்ச் மாசம் நாலு பேர் மேல கேஸ் போட்டாங்க. அரசு தரப்பு வச்ச குற்றச்சாட்டுகள மெதுவா படி: அன்னைக்கு செய்ய வேண்டிய பராமரிப்பு செக் செய்யல, வருஷாந்திர இன்ஸ்பெக்‌ஷன் நடக்கல, ஸ்டேட்டிக் மின்சாரத்த உடம்புலேர்ந்து பூமிக்கு எடுத்துட்டுப் போற கிரவுண்டிங் ஸ்ட்ராப் பையன் கையில இல்ல. இதோட சேம்பர் எத்தனை தடவை ஓடுச்சுன்னு காட்டுற சைக்கிள் கவுண்டர பின்னாடி திருப்பி வச்சாங்கன்னும், ஆபரேட்டர் பேஷன்ட் ரெக்கார்டுல பொய்யா எழுதினாங்கன்னும் குற்றச்சாட்டு.

அந்தக் கடைசி வரிய படிச்சதுலேர்ந்து என்னால அத மறக்க முடியல. செக் பண்ணாம விட்டது ஒரு தப்புன்னா, பண்ணின மாதிரி ரெக்கார்டு காட்டுறது அதவிடப் பெரிய தப்பு. உன் சாஃப்ட்வேர் இந்த ரெண்டையும் கஷ்டமாக்கணும். மோசமா செஞ்ச சாஃப்ட்வேர் ரெண்டையும் சுலபமாக்கிடும், அத நான் கண்ணால பார்த்துட்டேன்.

முன்னாடி நான் வேலை பார்த்த ஒரு இடத்துல பேப்பர் செக்லிஸ்ட எடுத்துட்டு டேப்லெட் கொண்டு வந்தோம். ப்ரீ-டைவ் செக்குன்னு 14 கேள்வி. (சேம்பர் ஆளுங்க ஒரு ட்ரீட்மெண்ட்ட டைவ்னுதான் சொல்லுவோம், கடல்ல முங்குற கணக்கு.) பஞ்சு கவுன் மாத்தியாச்சா, பாக்கெட் பார்த்தாச்சா, ஸ்ட்ராப் போட்டாச்சா, தலையில எண்ணெய் இல்லையே, இப்படி. எல்லாருக்கும் சந்தோஷம், ஃபைல் கட்டு கிடையாது, ரிப்போர்ட் ஒரு பட்டன்ல வருது. மூணு மாசம் கழிச்சு சும்மா லாக்க இறக்கிப் பார்த்தேன், ஒவ்வொரு டிக்குக்கும் நேரம் பதிவாகியிருந்துச்சு. ஒரு நாள் காலையில 14 டிக்கும் 9 செகண்டுல விழுந்திருக்கு. 9 செகண்டுல ஒரு ஆளோட பாக்கெட்டக்கூட பார்க்க முடியாது. அந்த டிக் போட்ட ஆபரேட்டர் பையன் கெட்டவன் இல்ல, காலையில வரிசையா நாலு பேஷன்ட், கட்ட வேண்டிய டிரெஸ்ஸிங் வேற, மேல்நோக்கி தள்ளிக்கிட்டே டிக் டிக்குன்னு போட்டிருக்கான். பேப்பர்ல பேனா புடிச்சு எழுதின காலத்துலயாவது கை கொஞ்சம் மெதுவா போச்சு, நாங்க டேப்லெட் குடுத்து பொய் சொல்றத வேகமாக்கி வச்சிருக்கோம்னு அன்னைக்குத்தான் உறைச்சுது.

அதே வாரம்தான் ஒரு தாத்தாவுக்கு கவுன் மாத்துனதா டிக் போட்டாச்சு, மாத்தியும்தான் இருந்தாங்க, ஆனா கவுனுக்குள்ள இடுப்புல அரைஞாண் கயித்தோட ஒரு சின்ன துணிப்பை முடிச்சு, அதுக்குள்ள பீடி பத்த வைக்கிற லைட்டர். ஸ்ட்ரெச்சர்ல படுக்க வைக்கும்போது நர்ஸ் கையில தட்டுப்பட்டுச்சு. அத எடுத்து வெளிய வச்சப்ப எனக்கு கை நடுங்கினது இன்னும் ஞாபகம் இருக்கு.

அதுக்கப்புறம் டிக்க எல்லாம் தூக்கிட்டு, எதெல்லாம் அளக்க முடியுமோ அத அளந்து நம்பரா போட வச்சோம். ஸ்ட்ராப் போட்டாச்சான்னு கேக்கக் கூடாது. எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில ரிஸ்ட் ஸ்ட்ராப் டெஸ்டர் வச்சிருப்பாங்களே, அது மாதிரி பேஷன்ட் கை, ஸ்ட்ராப், சேம்பர் பாடி, பூமி வரைக்கும் தொடர்பு இருக்கான்னு மீட்டர் வச்சு ரெசிஸ்டன்ஸ் எடுக்கணும். அந்த ரீடிங் நேரா டேப்லெட்டுக்கு வந்தா ரொம்ப நல்லது, இல்லன்னா மீட்டர் முகத்த போட்டோ எடுத்து ஏத்தணும். சேம்பர் பாடிக்கும் எர்த்துக்கும் நடுவுல 1 ஓம்முக்கு மேல வரக் கூடாதுன்னு என்எஃப்பிஏ 99-ல (அமெரிக்க தீ பாதுகாப்பு சங்கம் ஆஸ்பத்திரிகளுக்குப் போட்ட விதிமுறை) இருக்கு, அது தனி டெஸ்ட், அதோட ரீடிங்கையும் தேதி வாரியா வச்சுக்கோ. காஞ்சு போன தோலு, லூசா கட்டின பட்டை, உள்ள அறுந்துபோன ஒயர் எல்லாம் கண்ணுக்கு சரியாத்தான் தெரியும், மீட்டர்லதான் மாட்டும்.

அளக்க முடியாதது இருக்கே, பாக்கெட், எண்ணெய், துணி, அதுக்கு ரெண்டாவது ஆள். ஆபரேட்டர் ஒருத்தர், நர்ஸ் ஒருத்தர், ரெண்டு பேரும் தனித்தனியா அவங்கவங்க லாகின்ல போடணும், ஒருத்தர் போட்டது இன்னொருத்தருக்கு தெரியாத மாதிரி ஸ்கிரீன் இருக்கணும். ரெண்டும் ஒத்துப் போனாத்தான் பச்சை வரும். நம்ம ஊர்ல இது ரொம்ப முக்கியம், ஏன்னா தேங்காய் எண்ணெய் வச்சு ஜடை பின்னிட்டு வர்ற பாட்டிகிட்ட "எண்ணெய் வச்சிருக்கீங்களா"ன்னு கேட்டா "இல்லப்பா, நேத்து வச்சதுதான்"னு சொல்லுவாங்க, அவங்களப் பொறுத்த வரைக்கும் அது எண்ணெய் வச்ச கணக்கே கிடையாது. தைலம், முகத்துக்கு கிரீம், கால் வெடிப்புக்கு வாஸ்லின், எல்லாம் இதே கதைதான். அதனால கேள்விய மாத்தினோம், "எண்ணெய் இருக்கா"ன்னு கேக்காம வெள்ள டிஷ்யூவ தலையில அழுத்தி எடுத்துப் பாருன்னு. கறை வந்தா அன்னைக்கு தலை குளிச்சிட்டுத்தான் உள்ள. முதல் நாளே வீட்டுக்குத் தமிழ்ல வாய்ஸ் மெசேஜ் ஒண்ணு போயிடும், படிக்கத் தெரியாதவங்களும் பேரப்புள்ளைய வச்சுக் கேட்டுக்கலாம், என்னைக் கேட்டா நாங்க செஞ்சதுலயே செலவு கம்மியா பலன் ஜாஸ்தியா கிடைச்சது அந்த வாய்ஸ் மெசேஜ்தான்.

ஒரு எச்சரிக்கை. பச்சை வராம சேம்பர் ஓடவே கூடாதுன்னு நீயா கண்ட்ரோல் பேனல்ல ஒயர் இழுத்து இன்டர்லாக் போட்டுடாத. இன்ஜினியருக்கு அந்த ஆசை வரும்னு எனக்குத் தெரியும். அது சர்டிஃபை பண்ணின மெஷின், கை வச்சா வாரண்டியும் போகும், அவசரத்துக்கு பிரஷர இறக்குற வழியில நீ போட்ட ரிலேவே குறுக்க நிக்கலாம். நிறுத்துறது மனுஷனா இருக்கட்டும், சாஃப்ட்வேர் அவர் கையில அதிகாரத்த குடுக்கட்டும்.

பேஷன்ட் உடம்பு பக்கம் வருவோம், இங்க கம்ப்யூட்டர் ரெக்கார்டு நிஜமாவே உதவும். நியூமோதோராக்ஸ், அதாவது நுரையீரலுக்கு வெளிய காத்து சேர்ந்திருக்கிறது, அத சரி பண்ணாம உள்ள அனுப்பினா பிரஷர் இறக்கும்போது அந்தக் காத்து விரிஞ்சு உயிருக்கே ஆபத்து. ப்ளியோமைசின் கேன்சர் மருந்து எடுத்தவங்களுக்கு நுரையீரல் பாதிப்பு பயம் இருக்கு, பேஸ்மேக்கர் மாடல் எந்த அழுத்தம் வரைக்கும் தாங்கும்னு கம்பெனிகிட்ட கேட்டிருக்கணும். இதெல்லாம் முதல் நாள் டாக்டர் பார்ப்பாரு, ஆனா நம்ம பேஷன்ட்டுக்கு 30, 40 டைவ் போகும், நடுவுல வேற ஆஸ்பத்திரியில புது மருந்து ஆரம்பிச்சிருப்பாங்க. அதனால "கடைசியா வந்ததுக்கு அப்புறம் புது மாத்திரை, ஊசி, சளி, காய்ச்சல் ஏதாவது"ங்கிற கேள்வி தினமும் வரணும், ஆமான்னு போட்டா டாக்டர் லாகின் பண்ணி விடுவிக்கிற வரைக்கும் சிவப்பு. நேத்து பதில காப்பி பண்ணி இன்னைக்கு ஒட்டுற வசதி மட்டும் சாஃப்ட்வேர்ல இருக்கவே கூடாது, வியாபாரி அத பெரிய வசதியா காட்டுவான், முதல் வேலையா அத எடுக்கச் சொல்லு.

சுகர் பேஷன்ட்டுக்கு உள்ள இருக்கும்போது சர்க்கரை இறங்கும். எங்க யூனிட்ல 120-க்கு கீழ இருந்தா சாப்பிட வச்சு மறுபடி பார்த்துட்டுத்தான் கதவு. குளுக்கோமீட்டர் நம்பர் நேரா ரெக்கார்டுக்கு ஏறுற மாதிரி வச்சுக்கோ, கையால எழுதினா 98 எப்படியோ 128 ஆயிடும். இன்னொண்ணு, குளுக்கோஸ் ஆக்ஸிடேஸ் ஸ்ட்ரிப் போடுற மீட்டர் ஆக்ஸிஜன் ஜாஸ்தியான இடத்துல நிஜத்த விட கம்மியா காட்டும், மல்டிபிளேஸ்ல உள்ள வச்சு பார்க்கிறவங்க இத தெரிஞ்சு வச்சுக்கணும்.

காது. ஹைப்பர்பாரிக்ல அடிக்கடி வர்ற தொந்தரவு இதுதான், நடுக்காதுல அழுத்தம் சமன் ஆகாம வலி, ரத்தக்கட்டு. கேமரா வச்ச ஓட்டோஸ்கோப் இப்ப மலிவா கிடைக்குது, டைவுக்கு முன்னாடியும் அப்புறமும் செவிப்பறைய ஒரு போட்டோ எடுத்து பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாரு. எழுத்துல "லேசா சிவப்பு"ன்னு ஆளுக்கு ஒரு மாதிரி எழுதுவாங்க, படம் பொய் சொல்லாது.

காதோட சேர்த்து பிரஷர் லாக்கரையும் சொல்லிடுறேன். சேம்பரோட கேஜ தவிர தனியா ஒரு சென்சர் வச்சு செகண்டுக்கு ஒரு ரீடிங் எழுதிக்கிட்டே இருக்கும். எங்ககிட்ட ஒரு சமயம் காது வலி புகார் ஏறிக்கிட்டே போச்சு, பேஷன்ட்டுக்கு சளின்னே நெனச்சுக்கிட்டு இருந்தோம், லாக்கர் கோட்ட ஒண்ணு மேல ஒண்ணு போட்டுப் பார்த்தா ஒரு ஷிஃப்ட்ல மட்டும் ஏத்தம் செங்குத்தா போகுது. ஆபரேட்டர கூப்பிட்டு கோட்ட காட்டினோம், திட்டல, அவரே பார்த்துட்டு "சார், இவ்ளோ வேகமா ஏத்துறேன்னு எனக்கே தெரியல"ன்னாரு. அதோட புகார் அடங்கிடுச்சு. சென்சர் லாக்க இதுக்குத்தான் பயன்படுத்தணும், ஆள மாட்டி விடுறதுக்கு எடுத்தா அடுத்த மாசமே சென்சர் "ரிப்பேர்" ஆயிடும்.

ஏர் பிரேக் டைமர் டேப்லெட்ல ஓடட்டும், ஆக்ஸிஜன் விஷத்தால வலிப்பு வர்ற வாய்ப்ப குறைக்கத்தான் நடுவுல அஞ்சு நிமிஷம் சாதாரண காத்து குடுக்கிறோம், ஆபரேட்டர் போன்ல பேசிக்கிட்டு இருந்தா அது தள்ளிப் போயிடும். வலிப்பு வந்தா என்ன செய்யணும்ங்கிறத பெரிய எழுத்துல அதே ஸ்கிரீன்ல வை, ஏன்னா பதட்டத்துல எல்லாருக்கும் முதல்ல தோணுறது பிரஷர இறக்கி ஆள வெளிய எடுக்கணும்னுதான், ஆனா உடம்பு விறைச்சு மூச்சு அடைச்சிருக்கிற நேரத்துல இறக்கினா நுரையீரல் கிழியலாம். வலிப்பு தணிஞ்சு மூச்சு வந்த பிறகுதான் இறக்கணும்.

பின்னாடி மல்டிபிளேஸ் வாங்கினா ஆக்ஸிஜன் அனலைசர் பத்தி யோசி. அங்க அறைக்குள்ள காத்துதான், பேஷன்ட்டுக்கு மாஸ்க், இல்லன்னா ஹூட் (தலைய மூடுற பிளாஸ்டிக் உறை) வழியாத்தான் ஆக்ஸிஜன், அறையில 23.5 சதவீதத்த தாண்டக் கூடாது. அலாரம் 23.5-ல அடிக்கும், சரி. ஆனா திங்கக்கிழமை 21.6, புதன் 22.3, வெள்ளி 22.9-ன்னு ஏறிக்கிட்டே வந்தா அலாரம் வாயே திறக்காது, ஏதோ ஒரு ஹூட் கழுத்துப்பட்டை தளர்ந்து கசியுதுன்னு அந்த ஏறுற கோடுதான் சொல்லும். மிலான்ல தண்ணி டேங்க் காலியா இருந்ததும் அதே மாதிரிதான், மட்டம் காட்டுற ஒரு சாதாரண சென்சர், தினமும் காலையில ஒரு மெசேஜ், அது பச்சையா வராம டைவ் கிடையாதுன்னு ஒரு விதி இருந்தா போதும். பெரிய டெக்னாலஜியே வேண்டாம்.

அவசரமா இறக்குற டிரில்ல போன்ல வீடியோ எடு. என்எஃப்பிஏ 99 கணக்குப்படி மோனோபிளேஸ் 3 அட்மாஸ்பியர்லேர்ந்து 2 நிமிஷத்துக்குள்ள இறங்கணும், மல்டிபிளேஸுக்கு 6 நிமிஷம். மெஷின் இறங்கிடும், நம்ம ஆளுங்கதான் லேட். எங்க முதல் வீடியோவுல கதவு திறந்த அப்புறமும் ஸ்ட்ரெச்சர இழுக்கிற டிராலி அறை மூலையில துணி மூட்டைக்குப் பின்னாடி கிடந்துச்சு, அத எடுத்துட்டு வர்றதுக்குள்ள அரை நிமிஷம் போச்சு. அன்னைக்கே தரையில மஞ்சள் பெயின்ட் அடிச்சு டிராலிக்கு இடம் குறிச்சோம்.

இனி எத கொண்டு வரக் கூடாதுன்னு. பேட்டரி உள்ள எதுவும் சேம்பருக்குள்ள கிடையாது. டேப்லெட், போன், ஸ்மார்ட் வாட்ச், காது மெஷின், கையில ஒட்டுற சுகர் சென்சர், "ப்ளூடூத்ல பல்ஸ் பார்க்கலாம் சார்"னு வர்ற எந்த சாமானும் வெளியிலேயே நிக்கட்டும். பேஷன்ட் போரடிக்குதுன்னு கெஞ்சுவாங்க, டிவிய அக்ரிலிக்குக்கு வெளிய மாட்டு. கேமராவும் வெளியிலேர்ந்து உள்ள பார்க்கட்டும். ஏஐ விபத்த முன்கூட்டியே கண்டுபிடிக்கும்னு யாராவது விக்க வந்தா, ரெண்டு சேம்பர் வச்சிருக்கிற இடத்துல அதுக்குத் தேவையான டேட்டாவே இருக்காதுன்னு சொல்லி டீ குடுத்து அனுப்பிடு. அலாரத்தையும் கம்மியா வை, நாள் முழுக்க கத்துற மெஷின யாரும் காதுல வாங்க மாட்டாங்க. நெட்வொர்க் போன அன்னைக்கு வேலை நிக்காம இருக்க அச்சடிச்ச பேப்பர் செக்லிஸ்ட் பேனலுக்குப் பக்கத்துலயே தொங்கணும்.

ரெக்கார்டு விஷயத்துல கறாரா இரு. ஒரு தடவை எழுதினா அழிக்க முடியாது, திருத்தினா பழசும் புதுசும் திருத்தின ஆள் பேரும் நேரமும் நிக்கணும், எல்லா கடிகாரமும் ஒரே சர்வர்லேர்ந்து நேரம் எடுக்கணும். பொது லாகின் கிடையாது. நூலிழையில தப்பின சம்பவங்களுக்கு தனியா ஒரு ஃபார்ம், சுவத்துல கியூஆர் கோடு ஒட்டி வை, பேர் போட வேண்டாம். அந்த லைட்டர் கதைய யாராவது பயந்து மறைச்சிருந்தா நாங்க செக்க மாத்தியே இருக்க மாட்டோம்.

வர்ற திங்கக்கிழமை உன் ரெண்டு சேம்பர் பக்கத்துலயும் போய் நில்லு. சீரியல் நம்பர், அக்ரிலிக் தயாரிச்ச தேதி, சைக்கிள் கவுண்டர் ரீடிங், மூணும் ஒரே படத்துல தெரியுற மாதிரி போட்டோ எடுத்து, உனக்கும் மெடிக்கல் டைரக்டருக்கும் உங்க ஆஸ்பத்திரி குவாலிட்டி ஆளுக்கும் அன்னைக்கே மெயில்ல அனுப்பு. அக்ரிலிக்குக்கு வருஷக் கணக்குலயும் சைக்கிள் கணக்குலயும் ஆயுசு உண்டு, ஸ்பிரிட் போட்டு துடைச்சா அதுக்கும் முன்னாடியே மயிரிழை விரிசல் விழும், ஹவுஸ்கீப்பிங் அக்காகிட்ட அத அன்னைக்கே சொல்லிடு. அப்புறம் மாசா மாசம் 1-ம் தேதி கவுண்டர மறுபடி போட்டோ எடுத்து, அந்த மாசம் எத்தனை டைவ் பில் போட்டிருக்குன்னு அக்கவுண்ட்ஸ்ல கேட்டு ரெண்டையும் ஒத்துப் பாரு. இதுக்கு சாஃப்ட்வேரே வேண்டாம், ஒரு போனும் மெயிலும் போதும், இத ஆரம்பிச்சிட்டு அப்புறம் கொட்டேஷன் வாங்கு. வந்த கொட்டேஷன அனுப்பு, நான் பார்த்து சொல்றேன்.